கண்ணுக்குத் தெரியாத தூதுவர்

போன வாரம் அண்ணன் பையன் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு வந்தான். இன்ஜினியரிங் மூணாவது வருஷம். நெட்வொர்க் பாடத்தில் ஒரு வரியில் மாட்டிக்கிட்டு நிக்கிறான்.

"சித்தப்பா, டிரான்ஸ்பரன்ட்னா என்ன அர்த்தம்? எல்லாமே வெளிப்படையாத் தெரியும்னுதானே? அப்புறம் யாருக்குமே தெரியாம நடுவுல உட்கார்ந்திருக்கிற ப்ராக்ஸிக்குப் போய் டிரான்ஸ்பரன்ட் ப்ராக்ஸின்னு ஏன் பேரு வச்சிருக்காங்க?"

நியாயமான கேள்விதான். அரசாங்கம் டிரான்ஸ்பரன்டா இருக்கணும்னு சொன்னா எல்லாம் தெரியணும்னு அர்த்தம். நெட்வொர்க்காரர் டிரான்ஸ்பரன்ட்னு சொன்னா எதுவும் தெரியக்கூடாதுன்னு அர்த்தம். துடைச்சு வச்ச கண்ணாடிக் கதவில் மூக்கை மோதிக்கிட்டவங்களுக்கு ரெண்டாவது அர்த்தம் சட்டுன்னு புரியும். :-)

அஞ்சு நிமிஷத்தில் சொல்லிடலாம்னு ஆரம்பிச்சேன். முப்பது வருஷக் கதையா நீண்டுடுச்சு. மறந்துபோறதுக்கு முன்னாடி இங்கேயும் எழுதி வச்சிடறேன்.

ப்ராக்ஸின்னா என்னன்னு சொல்ல எங்க ஊர்ல தூரமாப் போக வேண்டாம். பெரிய காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதர் கோயிலுக்குக் கொஞ்ச தூரத்தில் பாண்டவ தூதப் பெருமாள் கோயில் இருக்கு. திருப்பாடகம்னு பேர். பாண்டவர்களுக்காக கௌரவர் சபைக்குத் தூது போன கண்ணன், உள்ளே பிரம்மாண்டமா உட்கார்ந்திருப்பார். ஒருத்தர் சொல்ல வேண்டியதை இன்னொருத்தர் எடுத்துக்கிட்டுப் போய்ச் சொல்லி, பதிலைத் திருப்பிக் கொண்டுவர்றதுதான் ப்ராக்ஸியோட வேலையும். ஆனா ஒண்ணு கவனிங்க. அனுப்பின பாண்டவர்களுக்கும் கண்ணன்தான் தூதர்னு தெரியும். வரவேற்ற துரியோதனனுக்கும் தெரியும். ஒளிவுமறைவு கிடையாது. கம்ப்யூட்டர் உலகத்திலும் ப்ராக்ஸி இப்படித்தான் ஆரம்பிச்சுது.

1994 மே மாதம் ஜெனீவாவில் முதல் வலை மாநாடு நடந்தது. செர்ன் ஆய்வுக்கூடத்தின் அரி லுவோடொனென், இன்டெல்லின் கெவின் ஆல்டிஸ் ரெண்டு பேரும் சேர்ந்து வலைப் ப்ராக்ஸி பற்றி ஒரு கட்டுரை கொடுத்தாங்க. பிரச்சினை ரொம்ப எளிமையானது. நிறுவனங்கள் பாதுகாப்புக்காக ஃபயர்வால் போட்டு உள்ளேயிருக்கிற கம்ப்யூட்டர்களை அடைச்சு வச்சிருந்தாங்க. அதனால உள்ளேயிருக்கிறவங்களுக்கு வெளி உலகத்தைப் பார்க்க வழியில்லை. வாசல்ல ஒரே ஒரு பொட்டியை வச்சு, எல்லாருக்காகவும் அதுவே வெளியே போய்ப் பக்கங்களை வாங்கிட்டு வரும்னு ஏற்பாடு பண்ணாங்க. ஒருத்தர் கேட்ட பக்கத்தைப் பத்திரமா வச்சுக்கிட்டா, அடுத்தவர் கேட்கும்போது மறுபடி வெளியே ஓட வேண்டாம். அதுக்குப் பேர்தான் கேஷ். கண்டம் விட்டுக் கண்டம் போற லைன்களுக்கு யானை விலை கொடுத்த காலத்தில் இது பெரிய சேமிப்பு.

இதில் முக்கியமான விஷயம், நடுவுல ஒருத்தர் இருக்கார்னு பிரவுசருக்குத் தெரிஞ்சாகணும். நேரா சர்வர்கிட்ட பேசும்போது பிரவுசர் "இந்தப் பக்கத்தைக் குடு"ன்னு மட்டும்தான் கேட்கும். ப்ராக்ஸிகிட்ட பேசும்போது "இன்ன ஊர்ல இன்ன சர்வர்ல இருக்கிற இந்தப் பக்கத்தை வாங்கிட்டு வா"ன்னு முழு முகவரியும் சொல்லணும். அதாவது பேசுற மொழியே கொஞ்சம் மாறும். அதனால ஒவ்வொரு பொட்டியிலும் யாராவது உட்கார்ந்து ப்ராக்ஸியோட முகவரியை அமைச்சே ஆகணும்.

அந்த 'யாராவது' வேலையை நான் பார்த்திருக்கேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2001-ல் ராஜவீதிக்குப் பக்கத்தில் தெரிஞ்சவர் ஒருத்தரோட பிரவுசிங் சென்டரில் சாயங்கால வேலை. ஆறு பொட்டி, ஒரே போன் லைன், ஒரே மோடம். மோடம் இருக்கிற பொட்டியில் ப்ராக்ஸி மென்பொருள் ஓடும். மத்த அஞ்சிலும் டூல்ஸ், இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், கனெக்ஷன்ஸ், லேன் செட்டிங்ஸ்னு உள்ளே போய், ஒரு கட்டத்தில் டிக் அடிச்சு 192.168.0.1-ன்னு எழுதணும். சின்னப் பசங்க யாராவது டிக்கை எடுத்துட்டுப் போயிடுவாங்க. அடுத்து வர்றவர் "நெட்டு வரல தம்பி"ம்பார். மறுபடி போய் டிக் அடிக்கணும்.

ப்ளஸ் டூ ரிசல்ட் அன்னிக்கு ஒரு பொண்ணு வந்துச்சு. அப்பா தறி நெய்யறவர், கூடவே வந்து வாசல்ல நிக்கிறார். ரிசல்ட் பக்கத்தைத் திறந்தா 'முடிவுகள் விரைவில் வெளியிடப்படும்'னே வருது. எதிர்க் கடை எஸ்.டி.டி. பூத்தில் போன் போட்டவங்களுக்கு மார்க்கே வந்தாச்சு. எத்தனை ரிஃப்ரெஷ் அடிச்சாலும் அதே பக்கம். பொண்ணு முகம் சுண்டிப்போச்சு, நம்பரே இல்லையோன்னு. எனக்கு அப்புறம்தான் பொறி தட்டுச்சு. காலையில் யாரோ பார்த்த பக்கத்தை ப்ராக்ஸி பத்திரமா வச்சுக்கிட்டு அதையே எல்லாருக்கும் பரிமாறிக்கிட்டு இருக்கு. மோடம் இருக்கிற பொட்டியில் டிக்கை எடுத்துட்டு அங்கே உட்கார வச்சேன். மார்க் வந்துச்சு. பாஸ். அப்பாவுக்கு என்ன நடந்துச்சுன்னே புரியல, ஆனா எனக்கு ரெண்டு ரூபா சாக்லேட் கிடைச்சுது. :-)

இந்தக் கதையில் சாக்லேட்டை விட அந்த டிக் முக்கியம். அதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் மறுபடி வரும்.

ஆறு பொட்டிக்கே இந்தப் பாடுன்னா, ஆயிரக்கணக்கில் வாடிக்கையாளர் வச்சிருக்கிற ஐ.எஸ்.பி. என்ன பண்ணுவாங்க? ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போய் டிக் அடிக்க முடியுமா? கேஷ் வச்சா லைன் செலவு மிச்சம், ஆனா ஜனங்க செட்டிங்ஸ் பக்கம் போக மாட்டாங்க. அப்போ வந்த யோசனை: பிரவுசர்கிட்ட எதுவுமே சொல்ல வேண்டாம். வலைப் பக்கங்களுக்கான பாக்கெட் எல்லாம் 80-ம் நம்பர் போர்ட்டுக்குத்தான் போகும். ரவுட்டரில் அதை மட்டும் மறிச்சு ப்ராக்ஸி பக்கம் திருப்பி விட்டுடுவோம்.

எங்க ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினவங்களுக்கு இது நல்லாப் புரியும். பட்டுப்புடவை எடுக்க வெளியூர்லேர்ந்து வந்து ஒரு கடைப் பேரைச் சொல்வாங்க. "வாங்க சார், அங்கேதான் போறேன்"னு ஒருத்தர் கூட்டிக்கிட்டுப் போய், தனக்கு கமிஷன் தர்ற வேற கடையில் உட்கார வச்சிடுவார். வந்தவங்க கடைசி வரைக்கும் தாங்க கேட்ட கடையில்தான் எடுத்தோம்னு நினைச்சுக்கிட்டு ஊருக்குப் போவாங்க. ஐ.எஸ்.பி. ப்ராக்ஸி கெட்ட சரக்கைக் கொடுக்கிறதா நான் சொல்லல. பல நேரம் அதே சரக்கைத்தான் சீக்கிரமாக் கொடுத்துது. ஆனா திருப்பி விடற டெக்னிக் அச்சு அசல் இதுவேதான்.

1996-ல் இந்தச் சங்கதிகள் எல்லாம் ஒண்ணாக் கூடி வந்துச்சு. ஹார்வெஸ்ட் என்ற ஆய்வுத் திட்டத்தோட கேஷ் நிரலை எடுத்து டுவேன் வெஸ்ஸல்ஸ் 'ஸ்க்விட்' என்ற இலவச ப்ராக்ஸியை வளர்க்க ஆரம்பிச்சது அந்த வருஷம்தான். லினக்ஸ் 2.0 கெர்னலில் மறிச்சுத் திருப்பும் வசதி வந்ததும் அந்த வருஷம். அதே 1996 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. 1919 என்ற ஆவணம், மரபான ப்ராக்ஸி, டிரான்ஸ்பரன்ட் ப்ராக்ஸின்னு ரெண்டு வகையைப் பிரிச்சு எழுதிச்சு. (ஆர்.எஃப்.சி.ன்னா இணையம் எப்படி நடக்கணும்னு எழுதி வைக்கிற ஆவண வரிசை.) பயன்படுத்துறவர் கண்ணுக்குத் தெரியாம இருக்கிறதால டிரான்ஸ்பரன்ட். அண்ணன் பையன் கேட்ட பேர் இதுதான்.

கூத்து என்னன்னா, மூணு வருஷம் கழிச்சு 1999-ல் வந்த எச்.டி.டி.பி. 1.1 விதிமுறை, ஆர்.எஃப்.சி. 2616, அதே வார்த்தைக்கு வேற அர்த்தம் கொடுத்துது. கேள்வியையும் பதிலையும் திருத்தாம அப்படியே கடத்துற ப்ராக்ஸிதான் டிரான்ஸ்பரன்டாம்! ஒண்ணு 'ஆள் தெரியாது'ங்குது, இன்னொண்ணு 'கை வைக்காது'ங்குது. கை வைக்காதவர் முகம் காட்டலாம், முகம் காட்டாதவர் கை வைக்கலாம். குழப்பம் தாங்காம 2001 ஜனவரியில் ஆர்.எஃப்.சி. 3040 'இடைமறிக்கும் ப்ராக்ஸி'ன்னு மூணாவதா ஒரு பேரைச் சொல்லுச்சு. மூணுக்குள்ள யோக்கியமான பேர் அதுதான். ஆனா அது கடைசி வரைக்கும் ஜனங்க வாயில் நுழையல.

சரி, பிரவுசரை ஏமாத்தியாச்சு. சர்வரை? அங்கேதான் பாதி வேலை பாக்கி நின்னுச்சு.

ப்ராக்ஸி உங்களுக்காக வெளியே போகும்போது தன்னோட ஐபி முகவரியில்தான் போகும். அந்தப் பக்க சர்வருக்கு ஆயிரம் பேர் வந்தாலும் ஒரே ஆள் ஆயிரம் தடவை வந்த மாதிரி தெரியும். இது என்ன பெரிய விஷயம்னு தோணலாம். 2006 டிசம்பர் கடைசியில் கத்தார் நாட்டுக்கே இது பெரிய விஷயமாச்சு. அந்த நாட்டு இணையப் போக்குவரத்து கிட்டத்தட்ட முழுசும் ஒரே முகவரி வழியா வெளியே போய்க்கிட்டிருந்துச்சு. அந்த முகவரியிலிருந்து விக்கிபீடியாவில் யாரோ விஷமம் பண்ண, அங்கேயிருந்த நிர்வாகி அதைத் தடை பண்ணிட்டார். ஒரு நாடே கணக்கில்லாம எழுத முடியாம வெளியே நின்னுச்சு. விஷயம் தெரிஞ்சதும் தடையை எடுத்தாங்க.

2008 டிசம்பரில் அதே கூத்து இங்கிலாந்தில் நடந்தது. இணையத்தில் சட்டவிரோதப் படங்களைக் கண்காணிக்கிற அமைப்பு ஒண்ணு, ஒரு பழைய ராக் இசைத்தட்டோட அட்டைப்படத்துக்காக விக்கிபீடியாவின் ஒரு பக்கத்தைத் தடைப் பட்டியலில் சேர்த்துச்சு. பெரிய ஐ.எஸ்.பி.க்கள் அந்தப் பக்கத்தை மட்டும் தடுக்கணும்னு விக்கிபீடியா போக்குவரத்து மொத்தத்தையும் ப்ராக்ஸி வழியாத் திருப்பினாங்க. அந்தப் பக்கம் விக்கிபீடியாவுக்கு லட்சக்கணக்கான பேர் ஒரு சில முகவரியிலிருந்து வர்ற மாதிரி தெரிஞ்சுது. நல்லவர் யார், விஷமி யார்னு பிரிக்க முடியாம, அந்த நிறுவனங்களிலிருந்து கணக்கு இல்லாம எழுத வர்றவங்களை எல்லாம் நிறுத்த வேண்டியதாச்சு. சில நாளிலேயே தடை வாபஸ். அதுவரைக்கும் தங்களுக்கு நடுவுல ஒரு ப்ராக்ஸி இருந்ததே அந்த ஜனங்களில் பல பேருக்குத் தெரியாது.

என்ன பொருத்தம்னு பாருங்க, அதே 2008 டிசம்பரில்தான் லினக்ஸ் 2.6.28 கெர்னல் வெளியாச்சு. அதில் இந்தப் பாக்கி வேலையை முடிச்சு வைக்கிற 'டிப்ராக்ஸி' என்ற வசதி இருந்துச்சு. எழுதினது ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரத்து பாலாபிட் நிறுவனக்காரங்க. பலாஷ் ஷைட்லர், கிறிஸ்டியான் கோவாச் ரெண்டு பேரையும் முக்கியமாச் சொல்லணும். அவங்க ஃபயர்வால் தயாரிப்புக்கு இது தேவைப்பட்டுது. 2.2 கெர்னலில் அரைகுறையா இருந்த இந்த வித்தை, 2001-ல் வந்த 2.4 கெர்னலில் எல்லாத்தையும் புதுசா எழுதினப்போ காணாமப்போயிடுச்சு. வருஷக்கணக்கா வெளியே தனி ஒட்டாக வச்சிருந்து, கடைசியா உள்ளே சேர்த்தாங்க.

எப்படி வேலை செய்யுது? சாதாரணமா ஒரு கம்ப்யூட்டர் தன் முகவரிக்கு வர்ற பாக்கெட்டை மட்டும்தான் எடுத்துக்கும். மத்ததை 'நமக்கில்லை'ன்னு கடத்தி விடும் அல்லது தூக்கிப் போட்டுடும். டிப்ராக்ஸியில் மூணு வேலை நடக்குது. முதல்ல, வலைப் பாக்கெட்டுக்கு எல்லாம் ஒரு அடையாளம் குத்தணும். அடுத்து, அடையாளம் குத்தினது எந்த ஊருக்குப் போனாலும் 'அது நம்ம வீட்டு விலாசம்தான்'னு கெர்னலை நம்ப வைக்கிற மாதிரி வழித்தட விதி எழுதணும். மூணாவதா, ப்ராக்ஸி நிரலுக்கு 'உனக்குச் சொந்தமில்லாத முகவரியிலும் நீ உட்காரலாம்'னு ஒரு தனி அனுமதி. பழைய முறையில் பாக்கெட்டோட விலாசத்தை அடிச்சுத் திருத்தித் திருப்பினாங்க. இதில் விலாசத்தில் கையே வைக்கிறதில்லை. ப்ராக்ஸி உங்ககிட்ட சர்வரோட முகவரியில் பேசும். சர்வர்கிட்ட உங்க முகவரியில் பேசும். பதில் பாக்கெட் உங்க பேருக்கே வரும், ஆனா வழியில் அதே பொட்டியைத் தாண்டித்தான் வந்தாகணும். அங்கே பிடிச்சுக்கும்.

இனிமே ரெண்டு பக்கமும் தெரியாது. தூதர் போய், வேஷக்காரர் வந்தாச்சு.

தமயந்தி சுயம்வரத்தில் நாலு தேவர்கள் நளன் வேஷத்தில் வந்து உட்கார்ந்த கதை தெரியும்தானே. அஞ்சு நளன். அந்தப் பொண்ணு எப்படிக் கண்டுபிடிச்சா? தேவர்களுக்குக் கண் இமைக்காது, கால் தரையில் படாது, மாலை வாடாது. டிப்ராக்ஸிக்கும் இப்படிச் சில அடையாளம் உண்டு. அமெரிக்காவில் இருக்கிற சர்வரிலிருந்து பதில் வர கால் செகண்டு பக்கம் ஆகணும். தொட்ட உடனே பத்து மில்லி செகண்டில் 'இணைந்தாச்சு'ன்னு பதில் வந்தா, பேசறது சர்வர் இல்லை, பக்கத்துத் தெருவில் இருக்கிற யாரோ. இதை விட வேடிக்கையான சோதனை ஒண்ணு இருக்கு. 192.0.2.1 என்ற முகவரியைப் புத்தகங்களில் உதாரணம் காட்டறதுக்குன்னே ஒதுக்கி வச்சிருக்காங்க. அங்கே எந்த சர்வரும் கிடையாது. அதோட 80-ம் போர்ட்டைத் தட்டிப் பாருங்க. ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளேயிருந்து "யாரு?"ன்னு குரல் வந்தா என்ன அர்த்தம்?

எனக்கு ஒரு தடவை குரல் வந்திருக்கு. பக்கத்து வீட்டுப் பையனுக்கு இன்ஜினியரிங் கவுன்சலிங் நேரம். எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் காலின்னு எங்க வீட்டு பிராட்பேண்டில் பார்த்துக்கிட்டு இருந்தோம். காலையில் பார்த்த அதே எண்ணிக்கை சாயங்காலமும் நின்னுச்சு. அவன் அப்பாவோட மொபைலில் பார்த்தா வேற எண்ணிக்கை. 2001-ல் ரிசல்ட் அன்னிக்கு நடந்த அதே கதை! கை தானாகவே லேன் செட்டிங்ஸுக்குப் போச்சு. அங்கே டிக் இல்லை. எடுக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லை. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டா "எங்ககிட்ட அப்படி எந்த ப்ராக்ஸியும் கிடையாது சார், உங்க பிரவுசரை க்ளியர் பண்ணுங்க"ன்னாங்க. அவங்க பொய் சொன்னாங்கன்னு நினைக்கல. அவங்களுக்கும் அது டிரான்ஸ்பரன்ட்தான் போல! மொபைலில் பார்த்தே பட்டியலை முடிச்சோம்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லணும். ப்ராக்ஸியே இல்லாத தடை இதை விட மோசமா இருந்திருக்கு. 2003 செப்டம்பரில் மேகாலயா சம்பந்தப்பட்ட ஒரே ஒரு யாஹூ குழுமத்தைத் தடுக்கச் சொல்லி மத்திய அரசு உத்தரவு போட்டுது. ஒரு குழுமத்தை மட்டும் பிரிச்சுத் தடுக்க வழியில்லாம யாஹூ குழுமங்கள் மொத்தத்தையும் அடைச்சாங்க. மரத்தடி, அகத்தியர்னு தமிழ் எழுதிக்கிட்டிருந்த குழுமங்கள் இருந்த இடமும் அதுதான். 2006 ஜூலையில் மும்பை ரயில் குண்டுவெடிப்புக்கு அப்புறம் ஒரு சின்னப் பட்டியல் போச்சு. பிளாக்ஸ்பாட் முழுசும் பல ஐ.எஸ்.பி.யில் விழுந்துச்சு. நம்ம மக்கள் சுற்று வழி தேடி அலைஞ்சது பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். கொசு அடிக்க வீட்டையே கொளுத்தின கதை.

அடுத்தது சென்னை. 2012-ல் '3' படத்தைத் திருட்டுத்தனமா இணையத்தில் ஏத்தக்கூடாதுன்னு தயாரிப்புத் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் பேர் தெரியாத எதிராளிகள் மேல ஒரு தடை உத்தரவு வாங்குச்சு. அதைக் காட்டி ஐ.எஸ்.பி.க்கள் விமியோ மாதிரி முழுத் தளங்களையே மூடினாங்க. ஐ.எஸ்.பி. தரப்பு நீதிமன்றத்துக்குப் போனப்போ, ஜூன் மாதம் தெளிவுபடுத்தினாங்க: குறிப்பிட்ட முகவரிப் பக்கங்களை மட்டும்தான் தடுக்கணும், தளம் முழுசையும் இல்லை.

படிக்க நல்ல தீர்ப்பு. நியாயமும்கூட. ஆனா யோசிச்சுப் பாருங்க. ஒரு தளத்தில் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் தடுக்கணும்னா, யார் எந்தப் பக்கத்தைக் கேட்கிறாங்கன்னு ஒவ்வொரு கேள்வியையும் பிரிச்சுப் படிச்சாகணும். உறை மேல இருக்கிற விலாசம் போதாது, கடிதத்தைத் திறக்கணும். துல்லியமாத் தடுக்கிறவர் துல்லியமாப் படிக்கிறவரா இருந்தே ஆகணும். இந்த முடிச்சை இன்னிக்கு வரைக்கும் யாரும் அவிழ்க்கல.

உட்கார இடம் கிடைச்சப்புறம் படிக்கிறதோட நிக்குமா? 2015 ஜூனில் பெங்களூரு நிரலாளர் ஒருத்தர், ஏர்டெல் மொபைல் இணைப்பில் தன்னோட சொந்தத் தளத்தைப் பார்த்தப்போ, தான் எழுதாத நிரல் அதில் ஒட்டிக்கிட்டு வர்றதைக் கண்டுபிடிச்சார். நடுவழியில் யாரோ செருகியிருக்காங்க. அதை எல்லாருக்கும் தெரியும்படி வெளியிட்டார். அந்தத் தொழில்நுட்பத்தை விற்ற இஸ்ரேல் நிறுவனம் ஃப்ளாஷ் நெட்வொர்க்ஸ் தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்துச்சு. வாடிக்கையாளர் எவ்வளவு டேட்டா பயன்படுத்தறாங்கன்னு அவங்களுக்கே தெரிவிக்கிற ஒரு சோதனைன்னு ஏர்டெல் விளக்கம் சொல்லுச்சு. இருக்கலாம். ஆனா அஞ்சலில் வந்த கடிதத்தில் தபால்காரர் அடியில் ரெண்டு வரி சேர்த்து எழுதினா, நல்ல விஷயம்தான் எழுதினேன்னு அவர் சொல்றது பதிலாகுமா? 2018-ல் டெல்லி ஐ.ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் இந்திய ஐ.எஸ்.பி.க்களின் தடை முறையை அளந்து பார்த்தப்போ, ஒட்டுக் கேட்டுக் குறுக்கே பேசுற பொட்டிகள், போக்குவரத்தையே மறிச்சு நிக்கிற பொட்டிகள்னு ரெண்டு வகை கண்டாங்க. ரெண்டாவது வகை நம்ம கதாநாயகரோட நெருங்கிய சொந்தம்.

கெட்ட எண்ணமே இல்லாத ப்ராக்ஸியும் ஆபத்துதான்னு 2010-ல் தெரிஞ்சுது. ஆதம் பார்த், எரிக் ரெஸ்கோர்லா உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள், வெப்சாக்கெட் என்ற புது வசதி மூலமா ஒரு விஷமத் தளம் வழியில் இருக்கிற மறைவான ப்ராக்ஸியைக் குழப்பி, அதோட கேஷில் போலிச் சரக்கை வைக்க முடியும்னு காட்டினாங்க. அப்புறம் அந்த ப்ராக்ஸிக்குப் பின்னாடி இருக்கிற அத்தனை பேருக்கும் போலிதான் போகும். ஃபயர்பாக்ஸும் ஓப்பராவும் அந்த வசதியையே தற்காலிகமா மூடி வச்சாங்க. 2011-ல் வெளியான இறுதி விதிமுறையில், பிரவுசர் அனுப்புற ஒவ்வொரு செய்தியையும் ஒரு தற்செயல் எண்ணால் கலைச்சுத்தான் அனுப்பணும்னு எழுதினாங்க. வழியில் யார் இருக்காங்கன்னு தெரியாததால, எல்லாரும் எப்பவும் கலைச்சே அனுப்பணும். இன்னிக்கும் வெப்சாக்கெட் வழியா ஓடற அரட்டைகளில் அந்தத் தழும்பு இருக்கு.

2014-ல் எச்.டி.டி.பி. விதிமுறையைத் திருத்தி எழுதினப்போ, அனுப்பினவருக்குத் தெரியாம நடுவுல நுழையற இந்த மாதிரிப் பொட்டிகளை, நெறிமுறை அளவில் பார்த்தா இடைமறித்துத் தாக்குறவங்ககிட்டேயிருந்து பிரிச்சுக் காட்ட முடியாதுன்னு ஆவணத்திலேயே போட்டுட்டாங்க. நண்பனும் திருடனும் ஒரே முகமூடி போட்டா கதவைச் சாத்துறதைத் தவிர வேற வழியில்லை. அப்படித்தான் கதவு சாத்தினாங்க. 2013-ல் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் வேகத்தைக் கூட்டுச்சு. 2015 டிசம்பரில் லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசச் சான்றிதழை எல்லாருக்கும் திறந்துவிட்டுது. 2018 ஜூலையில் குரோம், பூட்டு இல்லாத தளங்கள் எல்லாத்தையும் 'பாதுகாப்பில்லை'ன்னு காட்ட ஆரம்பிச்சுது. எச்.டி.டி.பி.எஸ். வந்தப்புறம் நடுவுல டிப்ராக்ஸி உட்காரலாம், பாக்கெட்டைக் கடத்தலாம், ஆனா உள்ளே படிக்க முடியாது. படிக்கணும்னா உங்க பொட்டியில் அவங்க சான்றிதழை நீங்களே சேர்க்கணும். 2019-ல் கஜகஸ்தான் அரசு தன் மக்கள்கிட்ட அப்படித்தான் கேட்டுது. ஆகஸ்ட் மாதம் பெரிய பிரவுசர்கள் அந்தச் சான்றிதழையே ஏத்துக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க.

இழப்பும் இருக்கு. பூட்டின பக்கத்தை ஊருக்குப் பொதுவா ஒரே இடத்தில் கேஷ் பண்ண முடியாது. ஒரே மோடத்தில் ஆறு பேர் ஓட்டின அந்தச் சிக்கனம் போயிடுச்சு. முகம் காட்டின தூதரையும் சேர்த்துத்தான் வெளியே தள்ள வேண்டியதாச்சு.

நல்ல தூதர்கள் முழுசா ஒழிஞ்சு போகல. பெரிய தளங்களின் வாசலில் இன்னிக்கும் ப்ராக்ஸிகள்தான் நிக்குது. தளத்துக்காரரே வச்சது. 2010-ல் ஹெச்.ஏ.ப்ராக்ஸியை எழுதின வில்லி டாரோ ஒரு சின்ன வழக்கத்தைக் கொண்டுவந்தார். ப்ராக்ஸி வேஷம் போட வேண்டாம். உள்ளே போனதும் முதல் வரியில் 'நான் ப்ராக்ஸி, இன்னார் அனுப்பி வந்திருக்கேன், அவர் விலாசம் இது'ன்னு சொல்லிட்டா போதும். டிப்ராக்ஸி எதுக்காகக் கெர்னலைக் கரணம் போட வச்சுதோ, அந்தப் பாதிப் பிரச்சினை ஒரே வரியில் தீர்ந்துச்சு, ரெண்டு பக்கமும் ஒருத்தரை ஒருத்தர் நம்பினா. திருப்பாடகத்துப் பெருமாள் பண்ணதும் அதானே?

இவ்வளவையும் சொல்லி முடிச்சுட்டு அண்ணன் பையன்கிட்ட, பரீட்சையில் ஆர்.எஃப்.சி. சொன்ன மாதிரியே எழுது, ஆனா மனசுக்குள்ள இப்படி வச்சுக்கோன்னேன். ப்ராக்ஸி நல்லதா கெட்டதான்னு டெக்னிக்கைப் பார்த்துத் தெரியாது. எடுக்கிறதுக்கு ஒரு டிக் இருக்கா இல்லையான்னு பாரு. அன்னிக்கு அந்தப் பொண்ணோட ரிசல்டைக் காட்டினது என் சாமர்த்தியம் இல்லை, அந்த டிக்தான்.

அவன் உடனே லேப்டாப்பைத் திறந்து 192.0.2.1-ஐத் தட்டிப் பார்த்தான். ரொம்ப நேரம் காத்திருந்துட்டு 'பதில் இல்லை'ன்னு வந்துச்சு.

"யாரும் இல்ல சித்தப்பா."

"குரல் குடுக்கலடா, அவ்வளவுதான்"னேன். பின்னாடி ஆள் இருக்கான்னு பார்த்துட்டு அப்புறமாப் பேசற பொட்டிகளும் இருக்கு. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு மறுபடி தட்ட ஆரம்பிச்சான். நான் காபி போடப் போயிட்டேன்.